இரண்டு சிறுபிள்ளைகளோடு கம்போடியாவுக்கு வாலிபர் ஊழியமா?

6 மார்ச் 2022

என் மகளும் மருமகனும் ஐந்து வயதுப் பேத்தியையும் ஒன்றரை வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு கம்போடியாவுக்கு வாலிபர் ஊழியம் (இளைஞரிடையே கிறிஸ்தவப் பணி) தொடங்கப் போவதாக நேற்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்கள். இது தவறு என்பது என் கருத்து. பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தக் குடும்பமும் ஊழியத்துக்கென்று கடல் கடக்கக் கூடாது. நான் 34 ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன். 11 ஆண்டுகளாகச் சேகர (பல சபைகள் சேர்ந்த வட்டார) மிஷனெரிக் கமிட்டியின் பொருளாளராகவும் இருக்கிறேன். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்துக்குப் போன ஞாயிறு வந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களில் நான்கு பேர் கிட்டாருக்காக வருகிறவர்கள். திசையன்விளைப் பக்கம் இருக்கிற எங்கள் சொந்த ஊர் ஆலயத்தில் அந்த ஒன்பதும் கிடையாது. பையன்கள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். உள்ளூர்க் கிணறு தூர்ந்து கிடக்க, அயலூரில் போய்க் கிணறு வெட்டுவானேன்?

6 மார்ச் 2022, இரவு

கிணற்று உவமையைத் திரும்பப் பெறுகிறேன். சாத்தான்குளத்து வாசகர் ஒருவர், "அண்ணாச்சி, சீகன்பால்குவும் ஊர்க் கிணற்றைத் தூர்வாரிக்கொண்டு ஜெர்மனியிலேயே இருந்திருந்தால் நீங்கள் எந்தக் கமிட்டிக்குப் பொருளாளர்?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அந்த ஜெர்மன் மிஷனெரி 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. இன்னொரு மிஷனெரியான ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது முப்பதைத் தொடவில்லை. கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து பெரும்பகுதி நடந்தே இடையன்குடிக்கு வந்தபோது அவருக்கு 27. ஆனாலும் கால்டுவெல்லுக்குக் கல்யாணம் ஆனது 1844இல்தான் என்பதையும், நடந்து வந்தபோது இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

19 ஜூன் 2022

கம்போடியா ஊழியத்துக்குப் பணம் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இது எனக்குத் தெரிந்த துறை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். வீடுகளில் ஊழியத்துக்கென்று எடுத்துவைக்கும் கைப்பிடி அரிசியை விற்ற பணத்தையும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த பணத்தையும் அப்படியே கம்போடியாவுக்கு அனுப்பிவிடலாம் என்று சபையில் பலர் நினைக்கிறார்கள். முடியாது. வருமான வரிச் சட்டத்தின்படி, ஓர் அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்குள் செலவிட்டால்தான் வரிவிலக்கு. வெளியே செலவிட வேண்டுமானால் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி அனுமதி வேண்டும். அதற்கு மாறாக, தனி மனிதர் தம் சொந்தப் பணத்தை அனுப்புவதற்கு ரிசர்வ் வங்கியின் திட்டத்தில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை இடமுண்டு. என் ஓய்வூதியத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த உச்சவரம்பு நல்ல நகைச்சுவையாகத் தெரியும்.

ஆகவே மருமகன் அங்கே ஒரு தனியார் பள்ளியில் கணினி கற்றுக்கொடுக்கும் வேலையை ஏற்றிருக்கிறார். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டே ஊழியம் செய்த வழி இது. சுற்றுலா விசாவில் போய் மாதாமாதம் எல்லையைத் தாண்டித் திரும்பும் தந்திரம் வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொன்னேன். சாதாரண விசாவில் போய், பிறகு ஓராண்டுக்கு நீட்டித்து, வேலை அனுமதிச் சீட்டும் எடுப்பதுதான் முறை. மகள் கேட்டாள்: "அப்பா, நீங்க போக வேண்டாம்னுதானே சொன்னீங்க, இப்ப விசா வகை வரைக்கும் படிச்சு வெச்சிருக்கீங்களே?" போகக் கூடாது என்ற கருத்து மாறவில்லை. போனால் ஒழுங்காகப் போக வேண்டும் என்பது வேறு கருத்து.

21 ஆகஸ்ட் 2022

போய்விட்டார்கள். விமான நிலையத்தில் எடை கூடியதால் பெட்டியைத் திறந்து எட்டுக் கிலோ கருப்பட்டியை வெளியே எடுத்தோம். அதை மடியில் வைத்துக்கொண்டே பாளையங்கோட்டை வந்து சேர்ந்தேன். என் மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

15 ஜனவரி 2023

இந்தக் குறிப்பை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் முதல் குறிப்பில் அவ்வளவு உரக்கப் பேசியவன் இதையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் கமிட்டியிடம் ஒரு காலாண்டுப் படிவம் உண்டு. அதை வடிவமைத்தவன் நான். சந்தித்த வீடுகள், நடத்திய கூட்டங்கள், வந்த வாலிபர்கள், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்கள் என்று நான்கு கட்டங்கள். கீழே "இதர" என்று ஒரு சிறு கோடு. மருமகன் டிசம்பர் முடிவில் அனுப்பிய படிவத்தில் நான்கு கட்டங்களிலும் பூஜ்யம். "இதர" என்ற கோட்டில், "33 மெய்யெழுத்துகள் எழுத வருகிறது, உயிர்க்குறிகள் பாதி தெரியும், காய்கறிக் கடையில் மனைவி பேசுகிறாள், நான் பை பிடிக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

கமிட்டியில் இதை வாசித்தால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அன்று இரவே அவரை அழைத்து, "மாப்பிள்ளை, வீட்டுக்கு வந்த பையன்களை ஒரு கூட்டம் என்று எழுதிவிடலாமே, அக்கம்பக்கத்து வீடுகளைச் சந்திப்பு என்று போடலாமே, பொய்யில்லையே" என்றேன். அவர் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு, "மாமா, பரீட்சைப் பேப்பர்ல ஒரு பையன் விடை எழுதாம விட்ட இடத்தை நீங்க எப்பவாவது நிரப்பிக் கொடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். 34 ஆண்டுகளில் ஒரு முறைகூட இல்லை. படிவத்தைப் பூஜ்யங்களோடு வாசித்தேன். ஒரு மூப்பர், "நாலு மாசம் சம்பளமில்லா லீவு மாதிரி இருக்கே" என்றார். நான் பதில் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

16 ஜனவரி 2023

சொல்லியிருக்க வேண்டிய பதில் இது. கம்போடியாவின் கெமர் மொழியில் ஒரே உயிர்க்குறி, அது எந்த மெய்யோடு சேர்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு விதமாக ஒலிக்கும். எழுத்தென்னவோ நமக்குத் தூரத்து உறவு. பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. கிடைத்திருக்கிற கெமர்க் கல்வெட்டுகளில் ஆண்டுக் குறிப்போடு உள்ள மிகப் பழையது கி.பி. 611ஐச் சேர்ந்தது. உறவு இருக்கிறது என்பதற்காக விருந்து கிடைத்துவிடாது. தமிழ் தெரிந்தவன் என்ற சலுகை மருமகனுக்கு ஒரு பாடத்தில்கூடக் கிடைக்கவில்லை. சீகன்பால்கு பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அகரம் எழுதிப் பழகியதை நாம் பிரசங்கத்தில் கேட்டு நெகிழ்கிறோம். நம் வீட்டுப் பையன் அதையே செய்தால் லீவு என்கிறோம்.

பேத்தி காணொளி அழைப்பில் எனக்கு எண் சொல்லிக்கொடுத்தாள். ஒன்றிலிருந்து ஐந்துவரை தனிச் சொற்கள், ஐந்துக்கு ப்ராம். ஆறு என்பது ப்ராம் முவோய், அதாவது ஐந்தும் ஒன்றும். எட்டு என்பது ஐந்தும் மூன்றும். கையை முகத்துக்கு நேரே நீட்டி, ஐந்து விரலையும் மடக்கி, மறு கையில் ஒரு விரலை நிமிர்த்திக் காட்டினாள். தொண்ணூறு ஏன் "ஒன்பது பத்து" என்று வரவில்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் நான் திணறியிருக்கிறேன். அங்கே ஆறு முதல் ஒன்பதுவரை அந்தத் திணறல் இல்லை. பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எழுதினேன் அல்லவா? அந்தக் குடும்பத்தில் இப்போது கெமர் நன்றாகப் பேசுகிறவள் ஆறு வயதுக்காரி. அடுத்தவள் அவள் அம்மா. ஊழியர் என்று நாம் ஜெபக் குறிப்பில் பெயர் போடுகிறவர் மூன்றாவது இடத்தில் இருக்கிறார். கால்டுவெல் வீட்டிலும் கதை இப்படித்தான். நாகர்கோவில் மிஷனெரி மால்ட் அவர்களின் மகளான எலைசா அம்மாளுக்குச் சிறு வயதிலேயே தமிழ் வந்துவிட்டது. இடையன்குடிப் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்றுக்கொடுக்க அவருக்கு இலக்கணம் தேவைப்படவில்லை.

2 ஏப்ரல் 2023

"அங்கே மதம் பரப்பத் தடையில்லையா, ஒளிவுமறைவாகச் செய்கிறார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒளிவுமறைவு எதுவுமில்லை. கம்போடியாவின் அரச மதம் பௌத்தம். மற்ற மதத்தார் பதிவு செய்துகொண்டு வழிபடலாம். வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பதற்கும், பணமோ பொருளோ காட்டி மதம் மாறச் சொல்வதற்கும் தடை உண்டு. வீட்டுச் சந்திப்பைப் பற்றி 2007இல் அரசு மீண்டும் எச்சரித்தது. ஆகவே என் படிவத்தின் முதல் கட்டமான "சந்தித்த வீடுகள்" என்பது, நிரப்பினால் அந்த நாட்டில் குற்றச்சாட்டாகக்கூடிய கட்டம். இதை அறியாமல் நான் அதைப் பெருக்கி எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு ஆபத்தைப் பற்றியும் மருமகன் எழுதினார். ஆங்கில வகுப்பு என்று ஒரு பலகை வைத்தால் போதும், நாளைக்கே ஐம்பது வாலிபர்கள் வருவார்கள். படம் எடுத்து ஜெபக் கடிதத்தில் போட்டால் சபையும் மகிழும். அவர் வைக்கவில்லை. சோற்றுக்காக மதம் மாறியவர் என்ற பொருளில் "அரிசிக் கிறிஸ்தவர்" என்ற வசைச்சொல் இந்த மண்ணில் நம் பாட்டன்மார் மேல் எறியப்பட்டது என்பதை அவர் மறக்கவில்லை. கற்பிக்கும் வேலைக்குப் பள்ளியில் சம்பளம் வாங்குகிறார். வீட்டுக்கு வருகிறவன் சும்மா வரட்டும் என்கிறார். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவன் வந்தால் பெற்றோரிடம் போய்ச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வைப்பது, வாசல் கதவு எப்போதும் திறந்திருப்பது, பெரியவர்கள் இருவராவது வீட்டில் இருப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றையும் நம் சேகரத்து வாலிபர் ஐக்கியங்களுக்கும் எழுதி ஒட்டலாம்.

9 ஜூலை 2023

மிஷனெரிப் பண்டிகைக்கு அசரியா பற்றிப் பேசச் சொன்னார்கள். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றியவர், 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர் என்று எல்லாரும் அறிந்ததையே அடுக்கிக்கொண்டிருந்தேன். 1902 யாழ்ப்பாணப் பயணத்துக்கு வந்ததும் தடுக்கிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிறு கூட்டமாக இருந்துகொண்டே கடலுக்கு இக்கரையில் ஊழியரை அனுப்பித் தாங்குவதைக் கண்டு அவர் வெட்கப்பட்டார். மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. 1904இல் தோர்னக்கலுக்குப் போன முதல் ஊழியர் நிஜாம் ஆட்சிப் பகுதியில், தெலுங்கு மொழியில் வேலை செய்ய வேண்டியிருந்தது. அன்றைய திருநெல்வேலிக்காரருக்கு அதுவும் அயல்நாடுதான். அப்போதும் இங்கே ஆலயங்களில் ஆயிரம் வேலை கிடந்திருக்கும். என்னைப்போல் ஒரு பொருளாளர் கிணற்று உவமை சொல்லியிருப்பார்.

பின்பு 1910இல் எடின்பரோ மாநாட்டில் அவர் பேசியதையும் சொன்னேன். நீங்கள் பொருளையும் உயிரையும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் வெள்ளைக்கார மிஷனெரிமாரிடம் கேட்டார். அதை நாம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, கேட்டவன் இருந்த பக்கத்தில் நின்றுகொண்டு பெருமையோடு சொல்லி வருகிறோம். இப்போது நாம் அனுப்புகிறவர்கள் ஆகிவிட்டோம். படிவத்தில் "நண்பர்கள்" என்று ஒரு கட்டம் இல்லை.

22 அக்டோபர் 2023

மொழிப் படிப்பு முடிந்து, செப்டம்பரில் தலைநகரை விட்டு பட்டம்பாங் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அரசுப் பள்ளிகள் பெரும்பாலும் அரை நாள்தான். ஒரு கூட்டம் காலையில், மறு கூட்டம் பிற்பகலில். ஆகவே எந்நேரமும் வேலையில்லாத பிள்ளைகள் தெருவில் இருப்பார்கள். மருமகன் வீட்டுக்கு முன்னால் இருந்த வெறும் நிலத்தில் கைப்பந்து வலை ஒன்றைக் கட்டினார். ஊழியம் தொடங்கியது என்று சொல்ல வேண்டுமானால் அந்த மாலையைச் சொல்லலாம். விளையாட்டு முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்களில் சிலர் வெள்ளிக்கிழமைகளில் வேதப் பகுதி வாசிக்கும்போதும் இருக்கிறார்கள். இப்போது பதினொரு பேர். அவரை "போங்" என்று கூப்பிடுகிறார்கள். அண்ணன், அக்காள் இரண்டுக்கும் அதே சொல்.

ஒரு நிகழ்ச்சியைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும். நம் மகாளயப் பட்சத்தை ஒட்டி அங்கே பதினைந்து நாள் ப்சும் பென் என்ற நோன்பு வருகிறது. முன்னோருக்கு என்று மடங்களில் சோறு படைக்கிறார்கள். பதினொரு பேரில் ஒரு பையன், பதினேழு வயது, பாட்டியோடு மடத்துக்குப் போகலாமா என்று கேட்டான். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் நடந்த கொடுமையில் அந்நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் மாண்டார்கள். அந்தப் பாட்டியின் இரண்டு தம்பிமாரும் அதில் போனவர்கள், இருவருக்கும் கல்லறை கிடையாது. பாட்டியால் தனியாக நடக்க முடியாது. இங்கே வாலிபர் கூட்டத்தில் கேட்டால் நொடியில் விடை சொல்லிவிடுவோம். மருமகன் விடை சொல்லவில்லை. தன் மோட்டார் சைக்கிளில் பாட்டியை உட்காரவைத்து, பையனைப் பின்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மடத்து வாசலில் இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை வேப்பமர நிழலில் இருந்திருக்கிறார்.

24 அக்டோபர் 2023

நான் எதிர்பார்த்தபடியே இரு கட்சி. சமரசம் என்கிறார் ஒருவர். வேதத்தில் வரும் படைத்தலைவன் நாகமான், அயல் தெய்வமான ரிம்மோனின் கோவிலில் எஜமானுக்குக் கை கொடுக்க வேண்டியிருப்பதற்கு மன்னிப்புக் கேட்டதை நினைவூட்டுகிறார் மற்றொருவர். எனக்கு இன்னும் தெளிவில்லை. என் மருமகனுக்கும் இல்லை என்று அவரே சொன்னார். ஒன்றைத் திருத்த வேண்டும்: அது வேப்பமரம் இல்லையாம், அரச மரமாம். மகள் சொல்லிச் சிரித்தாள்.

31 டிசம்பர் 2023

17, 18 தேதிகளில் இங்கே நடந்ததை நீங்கள் அறிவீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றது. தாமிரபரணி கரையோர வீடுகளில் பரண்வரை சேறு. எங்கள் ஆலய மண்டபத்தில் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வைத்திருந்த அண்டாக்களில் ஐந்து நாள் சோறு வடித்தோம். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் பாதி சபை செருப்பில்லாமல் வந்தது.

26ஆம் தேதி மருமகன் அழைத்தார். செய்தியைப் பேத்தி அந்தப் பதினொரு பேரிடம் சொல்லியிருக்கிறாள்; "தாத்தா வீட்டுக்குள்ள ஆறு வந்திடுச்சு" என்று. எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, தெருமுனையோடு நின்றுவிட்டது. அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள். அவர்கள் ஓர் உறையில் 46,000 ரியால் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நம் கணக்கில் ஏறத்தாழ 930 ரூபாய். அதில் பாட்டியை மடத்துக்கு அழைத்துச் சென்ற பையன் போட்டது 8,000.

எங்கே வரவு வைப்பது? வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவில்லாத எங்கள் கமிட்டி அயல்நாட்டவரிடமிருந்து பதினோரு டாலர்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் புதுதில்லியில் குறிப்பிட்ட வங்கிக் கிளைக் கணக்கு ஒன்றில்தான் வாங்க வேண்டும். இருபது மாதமாக இங்கிருந்து அங்கே அனுப்புவது எப்படி என்று படித்த நான், அங்கிருந்து இங்கே வரும் என்று ஒரு நாளும் எண்ணவில்லை. கமிட்டியில் சொன்னேன். சம்பளமில்லா லீவு என்று சொன்ன மூப்பரின் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உறையை அங்கேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

28 ஏப்ரல் 2024

மூன்று வாரம் போயிருந்துவிட்டுத் திரும்பினோம். நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே அவர்களுக்கும் புத்தாண்டு.

முதல் நாளே நான் ஒரு தவறு செய்தேன். கையைக் கூப்பி முகத்தருகே உயர்த்தி, குனிந்து வணங்கிய அந்தப் பதினேழு வயதுப் பையனின் தலைமேல், நம் வழக்கப்படி கையை வைத்து ஆசீர்வதித்துவிட்டேன். விளையாட்டு நின்றுவிட்டது. அங்கே பிறர் தலையைத் தொடுவது பெரிய அவமரியாதை. பேத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்து இறக்கி, கெமரில் ஏதோ நீளமாகச் சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொன்னாய் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறாள். அந்த மொழியில் தாத்தாவுக்கு "தா". பையன் அன்று முதல் என்னைத் "தா" என்றுதான் கூப்பிட்டான். நமக்குப் பாதி மரியாதைதான் கிடைத்தது என்று மனைவி சொன்னாள்.

மறு வாரம் அவன் தன் மாமன் பனையேறும் இடத்துக்கு அழைத்துப் போனான். பனைதான் அவர்களுக்குத் தேசிய மரம், 2005இல் அறிவித்தார்கள். கணுக்களை மிதிபடிபோல் விட்டு நறுக்கிய நீண்ட மூங்கிலை மரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். நம் பனையேறியின் நெஞ்சில் ஏறும் காய்ப்பு அந்த மனிதருக்கு இல்லை. கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். சுண்ணாம்புக்குப் பதில் ஏதோ மரத்தின் பட்டைத் துண்டு. பாளையை இடுக்கி வைத்து நசுக்குவதும் சீவுவதும் அப்படியே நம் ஊர்தான். அடுப்பில் கொதித்த பாகின் மணம் வந்தபோது என் தகப்பனார் விடிலி (பதநீர் காய்ச்சும் குடிசை) ஓலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வருவது போல் இருந்தது. எட்டுக் கிலோவை விமான நிலையத்திலிருந்து மடியில் தூக்கிவந்த எனக்கு, அந்த மனிதர் சூடாக ஒரு வட்டு கொடுத்து, காசு வாங்க மறுத்தார். என் மனைவி இரண்டு ஆண்டுக்குப் பிறகு அதைப் பற்றி முதன்முறையாகப் பேசினாள்: "அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

பதினொரு பேர் இப்போது எட்டுப் பேர். இருவர் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஒருவன் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. ஞானஸ்நானம் பற்றி யாரும் கேட்கவில்லை, மருமகனும் கேட்கவில்லை. நான் படிவத்தைத் திருத்தி, "சந்தித்த வீடுகள்" என்ற கட்டத்தை அடித்துவிட்டு, "இதர" என்ற கோட்டை அரைப் பக்கமாக நீட்டியிருக்கிறேன். கமிட்டி ஒப்புக்கொள்ளுமா என்பது மே மாதம் தெரியும்.

6 மே 2024

அந்த உறை என்ன ஆயிற்று என்று கேட்கிறவர்களுக்கு: வலை கிழிந்துவிட்டது, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொடுக்குமுன் பழக்கதோஷத்தால் எண்ணிப் பார்த்தேன். 45,500தான் இருந்தது. பேத்தியைப் பார்த்தேன், ஐஸ் வாங்கியதாக ஒப்புக்கொண்டாள். குறைந்த 500ஐ நான் வைத்துச் சரிசெய்தேன்.